கல்லூரி வாசலில் கூச்சம் எதற்கு?



தேர்வு முடிவுகள் வெளிவந்து, கல்லூரிகளிலிருந்து கடிதங்கள் வந்து சேரும் காலம் வந்துவிட்டால், தோட்டத்தில் செய்திக்குக் குறைவில்லை. லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்றால், பொழுது விடியுமுன்பே அந்தச் செய்தி பெரட்டுக் களத்துக்குப் போய்விடுகிறது. பால் வெட்டுக்கோ செம்பனைக் காட்டுக்கோ புறப்படும் தாய், அன்று சற்றே நிமிர்ந்து நடக்கிறார். தோட்டத்துக் கோயிலில் ஓர் அர்ச்சனை, அண்டை வீட்டாருக்குக் கொஞ்சம் இனிப்பு. அந்த மகிழ்ச்சியில் நாமும் பங்குகொள்கிறோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறோம். குறிப்பாக, ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் படிக்க வரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பேசுவோம். வேறு ஊர்களுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சிங்கப்பூர் நமக்கு முற்றிலும் அந்நிய ஊர் அன்று. நாம் வெட்டிய பால்மரத்தின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில அங்குள்ள தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. 1888இல் அந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வகுத்தார். காப்பித் தோட்ட முதலாளிகளைக் காணும்போதெல்லாம், "இந்த விதையை நட்டுப் பாருங்கள்" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வைத்தார்கள். பிறகு அதே முதலாளிகள் காடு காடாக ரப்பர் நட்டார்கள். அதை வெட்டுவதற்கு நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கப்பலேறி வந்தார்கள்.

கேட்கத் தெரிந்த ஒருவரால் தோட்டங்கள் உண்டாயின. ஆனால் அந்தத் தோட்டங்களில் வாழ வந்த நம் முன்னோர் கற்றுக்கொண்ட முதல் பாடம், எதையும் கேட்காதே என்பதாக இருந்தது. துரையின் முன் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்தது. கிராணி பால் நிறுத்துச் சொன்னதே கணக்கு. ஏன் என்று கேட்டால் வேலை போகும். வேலை போனால் அந்த வேலையோடு ஒட்டிய லயத்து வீடும் போகும். பிள்ளைகுட்டிகளோடு எங்கே போய் நிற்பது? ஆகவே வாய் திறவாமல் இருந்தார்கள். அதைக் கோழைத்தனம் என்று எவரும் இகழ வேண்டாம். குடும்பம் சிதறாமல் காப்பதற்கு அன்று அவர்கள் கையில் இருந்த ஒரே கவசம் அதுதான்.

அந்தக் கவசம் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளின் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இன்றோ அவர்கள் போகப் போவது, கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்ற ஓர் இடத்துக்கு. இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்; பிறகு மலாய் மொழியில் இடைநிலைப் பள்ளி முடித்தவர்; இப்போது சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறார். பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கான மாணவர்கள். முதல் நாள் பாதி புரியவில்லை. "போகப் போகப் புரியும்" என்று இருக்கிறார். இரண்டாம் வாரம் அந்தப் பாதியின் மேல் இன்னொரு பாதி வந்து உட்காருகிறது. சிறு குழு வகுப்பில் கடைசி நாற்காலியில் அமர்ந்து, ஆசிரியரின் கண் தம் மேல் படாமல் பார்த்துக்கொள்கிறார். கட்டணம் பற்றி ஒரு கடிதம் வருகிறது. பிரித்துப் பார்க்கவே பயம். பகல் சாப்பாட்டைக் குறைக்கிறார். வீட்டிலிருந்து பேசும்போது, "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்கிறார். ஒரு நாள் பெட்டியோடு லயத்து வாசலில் வந்து நிற்கிறார். "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது" என்று ஊர் பேசுகிறது.

படிப்பு ஏறாமல் போகவில்லை, நேயர்களே. நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டிய நாளில் அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். "இந்த இடம் எனக்குப் புரியவில்லை", "இந்தக் கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா?", "எனக்கு உதவித்தொகை உண்டா?", "மனம் சரியில்லை, யாரிடம் பேசலாம்?" இந்த நான்கில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் பெட்டி திரும்பி வராமல் இருந்திருக்கக்கூடும்.

"கேட்பது பிச்சை அல்லவா? நமக்கென்று ஒரு மானம் இல்லையா?" என்று சிலர் எண்ணுகிறார்கள். அவர்களுக்குச் சிங்கப்பூரின் கல்லூரிகள் எப்படிப் பிறந்தன என்ற வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

1904ஆம் ஆண்டில், இந்த வட்டாரத்து மக்களுக்கு மருத்துவர்கள் போதவில்லை, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று டான் ஜியாக் கிம் என்ற சீனப் பெரியவரின் தலைமையில் ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். 71,000 வெள்ளி திரட்டிக் காட்டுங்கள் என்றது அரசாங்கம். அவர்கள் 87,000 வெள்ளிக்கும் மேலாகத் திரட்டிவிட்டார்கள். 1905இல், மனநோயுற்ற பெண்களுக்காக முன்பு இருந்த ஒரு பழைய கட்டடத்தில், 23 மாணவர்களோடு அந்த மருத்துவப் பள்ளி தொடங்கியது. அந்தப் பள்ளியும் ராபிள்ஸ் கல்லூரியும் 1949இல் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு மனுவில் தொடங்கிய பல்கலைக்கழகம் அது.

சீன மொழியில் உயர்கல்வி வேண்டும் என்று சீன மக்கள் கேட்டபோது நன்யாங் பல்கலைக்கழகம் எழுந்தது. பெரும் வணிகர்கள் தந்ததோடு, 1954இல் மூன்று சக்கர வண்டி மிதிப்பவர்கள் தங்கள் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். 1956இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. வண்டி மிதித்தவர்கள் அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. தங்கள் பிள்ளைகள் உட்காருவார்கள் என்று நம்பிக் கொடுத்தார்கள். 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் பழைய வளாகத்தில் இன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இயங்குகிறது.

நம்மவர் கதைக்கு வருவோம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தது. அங்கே தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் போய்விடுமா என்ற ஐயமும் எழுந்தது. 1935இல் தமிழ் முரசு இதழைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி அவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. தமிழே வேண்டும் என்று எழுதினார், பேசினார், மக்களைத் திரட்டினார். கேட்டதோடு நிற்காமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டிப் பல்கலைக்கழகத்துத் தமிழ் நூலகத்துக்கு உதவினார். செல்வர்களின் பணத்தோடு உழைப்பாளி மக்களின் சிறு தொகைகளும் அதில் சேர்ந்தன. 1956இல் இந்திய இயல் துறை பிறந்தது. தமிழ் அங்கே பாடமாயிற்று. அந்தத் துறை பின்னர் கோலாலம்பூருக்குப் போனது. அதன் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966இல் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதை மூத்த நேயர்கள் அறிவார்கள்.

ஆகவே, மாணவ மணிகளே, நீங்கள் நுழையப் போகும் கல்லூரி வாசல், கேட்டவர்கள் திறந்த வாசல். அங்கே ஒரு கேள்வியைக் கேட்பதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, அங்கே வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை போகிறது. சம்பளத்தைப் பொறுத்து அது 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை இருக்கும். துப்புரவு வேலை செய்யும் அம்மாளின் ஒரு வெள்ளியும் அதில் உண்டு. சிங்கப்பூர்க் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ உள்ள இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்கு அந்தப் பணம் உதவுகிறது. உங்கள் உறவினர் அங்கே இருந்தால் இதை அவர்கள் காதில் போடுங்கள். தகுதி இருந்தும் கேட்காமல் விட்டால், அந்த அம்மாள் கொடுத்த வெள்ளியை நாமே வீணாக்கியவர்கள் ஆவோம்.

இனி, யாரிடம் எதைக் கேட்பது என்று பார்ப்போம்.

முதலாவது பணம். நம் வீடுகளில் உபகாரச் சம்பளம் என்றதுமே, "நம் பிள்ளை அத்தனை மார்க்கு வாங்கவில்லையே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். உபகாரச் சம்பளம் வேறு, உதவித்தொகை வேறு. முன்னது பெரும்பாலும் தேர்ச்சியைப் பார்த்துக் கொடுப்பது. பின்னது குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. குறைந்த சம்பளம் என்பது அங்கே குறையாகாது. அதுவே தகுதிச் சான்று. ஆகையால் சம்பளச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். கல்லூரிக் கடிதம் வந்த வாரத்திலேயே, மாணவர் நிதி உதவிப் பிரிவு எது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கட்டண மானியம். சிங்கப்பூரின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் மலேசிய மாணவர்கள் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மானியம் கிடைத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். ஆனால் படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வேலை கிடைப்பதும் ஒரு நன்மைதான் என்று பல குடும்பங்கள் இதை விரும்பியே ஏற்கின்றன. எனினும், அது என்ன ஒப்பந்தம், இடையில் முறிந்தால் எவ்வளவு திருப்பிக் கட்ட நேரும் என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடலாகாது. நம் தாத்தா காலத்தில் படிக்காமல் ரேகை வைத்த ஒப்பந்தங்களால் பட்டது போதும். பிள்ளையே ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிப் பெற்றோருக்கு விளக்கட்டும். விளக்க முடியாத வரி எதுவோ, அதைத்தான் அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கடன். பல்கலைக்கழகங்களின் கட்டணக் கடன் திட்டத்தில், குடிமக்கள் செலுத்தும் மானியக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடன் பெறலாம். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. படிப்பு முடிந்த பிறகே வட்டி ஏறத் தொடங்கும். பிணையாள் ஒருவர் வேண்டும். இதை அறியாமல், அவசரத்தில் ஆலோங் என்னும் வட்டிக்காரரிடம் போனவர்களின் கதி உங்களுக்கே தெரியும். தாலிக்கொடியை அடகு வைக்குமுன், தம்பியைப் பள்ளியிலிருந்து நிறுத்துமுன், கல்லூரியில் ஒரு வார்த்தை கேளுங்கள். சிங்கப்பூர் வெள்ளி ஒன்று, மலேசிய வெள்ளியில் மூன்றுக்கும் மேல். லயத்து வருமானத்தில் அங்கே மாதச் செலவை ஈடுகட்டுவது எளிதன்று என்பதை முதலிலேயே உணர்ந்து, கணக்குப் போட்டுத்தான் புறப்பட வேண்டும்.

"பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்வேன்" என்று சில பிள்ளைகள் சொல்லுவார்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் முழுநேர மாணவர்கள், படிப்பு நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது விதி. எல்லாக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தாது. தன் கல்லூரிக்குப் பொருந்துமா என்று கேட்டுத் தெளிந்த பிறகே வேலைக்குப் போக வேண்டும். விதி தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால், படிப்பு அனுமதிக்கே ஆபத்து வந்துவிடும்.

அடுத்து வகுப்பறை. கல்லூரியில் விரிவுரை என்பது ஒன்று. சிறு குழு வகுப்பு என்பது வேறொன்று. விரிவுரையில் ஆசிரியர் பேசுவார், நாம் கேட்போம். சிறு குழு வகுப்பில் நாம் பேச வேண்டும். அதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அங்கே ஊமையாக உட்கார்ந்திருப்பது, பந்தியில் இலை போட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம். விரிவுரையின்போது புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அன்று மாலையே அந்தக் கோடுகளை எண்ணுங்கள். அகராதியில் தீர்ந்தது போக மிச்சமுள்ளவற்றைக் கேள்விகளாக எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். கேள்வி தாளில் இருந்தால் நாக்குத் தடுமாறாது. "ஐயா, இந்த இடம் எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்வீர்களா?" என்று கேட்பதற்கு இலக்கணச் சுத்தமான ஆங்கிலம் தேவையில்லை. நீங்கள் கேட்கும் அதே கேள்வி, கூச்சத்தால் கேட்காமல் இருக்கும் இன்னும் பத்துப் பேர் மனத்திலும் இருக்கும்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மொழிகளில் படித்து வந்த பிள்ளை, ஒரே மொழியில் படித்த பிள்ளையைக் காட்டிலும் தாழ்ந்தவர் அல்லர்; கூடுதல் தூரம் நடந்து வந்தவர். ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் தனி வகுப்புகள் உண்டு. அதில் சேர்வதை அவமானமாக நினைக்க வேண்டாம். முதல் பருவம் எல்லாருக்குமே கடினமானது என்பதைப் பல்கலைக்கழகங்களே உணர்ந்திருக்கின்றன. 2014இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், புதிய மாணவர்கள் விரும்பினால் முதல் பருவத்தில் பெற்ற தரங்களை மொத்தக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பால் வெட்டப் பழகிய முதல் மாதத்தில் எத்தனை மரத்தில் காயம் பட்டது என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். உளி கைக்கு வர நாளாகும். கல்லூரிப் படிப்பும் அப்படித்தான்.

இனித் தங்குமிடமும் தனிமையும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தனியறை என்பதே புதிது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும் வாழ்க்கையிலிருந்து, பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்று தெரியாத வாழ்க்கைக்குப் போகிறது. முதல் மாதம் ஊர் நினைவு வாட்டத்தான் செய்யும். அப்போது தேக்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் மணியோசை கேட்கும்; தேக்கா அங்காடியில் தோசை வாசனை வரும்; பஃபலோ சாலையில் முருங்கைக்காயும் வாழையிலையும் அடுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். நூறாண்டுக்கு முன் நம் தாத்தா வந்ததைப் போல, அவர்களும் குடும்பத்துக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்களைக் கண்டால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். படிக்க வந்ததன் பொருள் அப்போது இன்னும் நன்றாக விளங்கும்.

ஆனால் ஒவ்வொரு மாலையும் தேக்காவிலேயே கழிந்துவிடக் கூடாது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. 2005இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடத்தில் தமிழ் நூல்களும் நிறைய உண்டு. உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டியதில்லை. எந்த நூல் எங்கே என்று தெரியாவிட்டால் நூலகரைக் கேளுங்கள். அதற்குத்தான் அவர் அங்கே இருக்கிறார். அதுபோலவே, தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் சேர்ந்து திரியாமல், சீன மாணவரோடும் மலாய் மாணவரோடும் ஒரே மேசையில் உட்காருங்கள். உங்களுக்கு மலாய் தெரியும். அதுவே ஒரு நல்ல பாலம். மனம் மிகவும் சோர்ந்துவிட்டால், கல்லூரியிலேயே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலுக்கு டிஸ்பென்சரிக்குப் போவதுபோல் அவர்களிடம் போகலாம். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் சில வார்த்தைகள்.

"பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று பல தாய்மார் கலங்குகிறார்கள். அந்தக் கலக்கம் நியாயமானதே. கலக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் பேசிப் பேசி முடிவெடுக்காமல், கேள்விகளாக மாற்றிக் கல்லூரியிடம் கேளுங்கள். தங்கும் விடுதி உண்டா? பெண்களுக்குத் தனித் தளம் உண்டா? பொறுப்பாளர் யார்? இரவில் உடம்புக்கு முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள்? பதில் கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள். கேள்வி கேட்காமலே ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டால், அந்தக் கடிதத்தை அவள் ஆயுள் முழுதும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தொலைபேசியில் பிள்ளையிடம் பேசும்போது, "சாப்பிட்டாயா? மார்க்கு எவ்வளவு?" என்ற இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். "இந்த வாரம் யாரிடம் என்ன கேட்டாய்?" என்றும் கேளுங்கள். முதல் வாரம் பதில் வராது. நான்காவது வாரம், நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவாவது பிள்ளை ஒரு கேள்வி கேட்டிருக்கும். "நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிவிட வேண்டாம். பாடம் தெரியாமல் இருக்கலாம். பிள்ளையின் குரல் மாறினால் உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? வீட்டுக் கஷ்டத்தையும் முழுக்க மறைக்க வேண்டாம். அப்பாவுக்கு வேலை குறைந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான், பிள்ளை நேரத்தோடு உதவித்தொகைக்கு எழுதிப் போட முடியும். இரு பக்கமும் மறைத்தால் இரு பக்கமும் ஏமாந்து நிற்க நேரும்.

நிறைவாக ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். 1924இல் சிங்கப்பூரில் பிறந்து, சிறு வயதில் ஜோகூரின் மூவாரில் வளர்ந்தவர் அவர். ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் கடனில் சிக்கிய தந்தையை எட்டு வயதில் இழந்தார். பள்ளியிலிருந்து இரண்டு முறை விலக்கப்பட்டார், வீட்டைவிட்டே ஓடினார். ஜப்பானியர் காலத்தில் அவர்கள் மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போர் முடிந்ததும் வேலை செய்துகொண்டே அஞ்சல்வழியில் விட்ட படிப்பை முடித்தார். தம்மினும் இளையவர்களோடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, 1954இல், முப்பதாவது வயதில், சமூகவியல் பட்டயத்தைச் சிறப்புத் தகுதியோடு பெற்றார். அடுத்த ஆண்டில் மருத்துவமனையில் நோயாளிகளின் குறை கேட்கும் சமூகநல ஊழியராக வேலை தொடங்கினார். அவர்தான் எஸ். ஆர். நாதன். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக இருந்தார். அதிபரே பல்கலைக்கழக வேந்தர் என்பதால், பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளை பல்கலைக்கழகத்துக்கே வேந்தராக வீற்றிருந்தார். 2016இல் மறைந்தார்.

எல்லாரும் அதிபர் ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு முறை தவறிப் போனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பெட்டியைக் கட்ட வேண்டாம். திரும்பிப் போய்க் கதவைத் தட்டலாம் என்பதையே அவர் வாழ்க்கை காட்டுகிறது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. ஆகவே, கல்லூரிக்குப் புறப்படும் தம்பி தங்கையரே, இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, கல்லூரியைப் பற்றி உங்களுக்குத் தெரியாதவற்றை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை உங்கள் சான்றிதழ்களோடு பெட்டியில் வையுங்கள். முதல் நாள் கல்லூரிக்குள் நுழைந்ததும் அதிலுள்ள முதல் கேள்வியை யாரிடமாவது கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வி தானாகவே வரும்.

அடுத்த ஆண்டு நீங்கள் விடுமுறைக்கு வரும்போது, லயத்தில் இன்னொரு பிள்ளை கடிதத்தோடு காத்திருக்கும். உங்களிடம் வந்து கேட்கக் கூச்சப்பட்டுக் கதவோரம் நிற்கும். அந்தப் பிள்ளையை நீங்களே கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் தாளைப் பிரித்துக் காட்டுங்கள்.